சோலாப்பூர் டாக்டரும் சயாம் ரயில் பாதையும்

“அயல் நாட்டில் யுத்தம் நடந்தால் நமக்கென்ன? நம் கூலி உயருமா?” ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் இந்தக் கேள்வி எழுகிறது. நியாயமான கேள்விதான். சரித்திரத்தைக் கொண்டே பதில் சொல்வோம்.

1937 ஜூலையில் ஜப்பானிய ஏகாதிபத்தியம் சீனா மீது முழு யுத்தம் தொடுத்தது. அன்று நாமே அடிமை நாடு. நம்மிடம் பீரங்கி ஏது, விமானம் ஏது? ஆயினும் சீனத் தளபதி சூ டே உதவி கேட்டு நேருவுக்கு எழுதினார். காங்கிரஸ் ஜனங்களிடம் நிதி திரட்டி, 1938 செப்டம்பரில் ஐந்து டாக்டர்களைப் பம்பாயில் கப்பலேற்றியது. அடல், சோல்கர், முகர்ஜி, பாசு, கோட்னிஸ். இவர்களில் கோட்னிஸ், ஆலை நகரமாகிய சோலாப்பூரில் பிறந்தவர். காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்துவந்து, 1942 டிசம்பர் 9ல் சீனாவிலேயே மாண்டார். வயது 32.

வல்லரசுகள் என்ன செய்தன? அமெரிக்கக் கம்பெனிகள் 1940 வரை ஜப்பானுக்குப் பழைய இரும்பு விற்று லாபம் கண்டன. சீனாவுக்குத் தளவாடம் போக இருந்த வழி பர்மா ரோடு. கிராமத்து ஆணும் பெண்ணும் மண்வெட்டியும் கூடையும் கொண்டு மலையை வெட்டிப் போட்ட பாதை அது. ஜப்பான் மிரட்டியதும், 1940 ஜூலையில் பிரிட்டிஷ் சர்க்கார் அதை மூன்று மாதம் மூடியது. சோவியத் நாடு விமானங்களையும் தொண்டர் விமானிகளையும் அனுப்பியது. 200 பேருக்கு மேல் உயிர் கொடுத்தனர். 1941ல் அந்த நாடும் ஜப்பானுடன் நடுநிலை ஒப்பந்தம் செய்தது, பின் ஹிட்லர் அதன் மீதே பாய்ந்தான், உதவி நின்றது. சர்க்கார்களின் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, தோழர்களே!

தொழிலாளியின் கை வேறு. 1938 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளா துறைமுகத் தொழிலாளர்கள், ஜப்பானுக்குப் போகும் இரும்பைக் கப்பலில் ஏற்ற மறுத்தனர். வாரக்கணக்கில் கூலி இழந்தனர். 1942ல் ஜப்பானியக் குண்டுகள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலேயே விழுந்தன. யார் சொன்னது சரியாயிற்று?

நம் கதையும் அதுவே. அதே படை 1941 டிசம்பரில் மலேயாவில் இறங்கியது. தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டிய தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துச் சென்றது. 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பட்டினியிலும் அங்கே மடிந்தவர்கள் நம் உறவினர்கள். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து கடல் கடந்து பிழைக்கப் போன குடும்பங்கள் கொஞ்சமா? அயலான் கூரையில் பிடித்த நெருப்பு நம் கூரைக்கும் வந்தது.

“அந்தச் சீனாதானே 1962ல் நம்மோடு போரிட்டது? 2020ல் கல்வானில் நம் ஜவான்கள் 20 பேர் சாகவில்லையா?” என்று கேட்பார்கள். உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோட்னிஸ் போனது ஒரு சர்க்காருக்குக் கடன் கொடுக்க அல்ல. படையெடுப்பில் இரத்தம் சிந்திய ஜனங்களுக்குக் கட்டுப் போடப் போனார். அந்த நியாயம் எந்த எல்லைத் தகராறிலும் செத்துப்போகாது.

ஆகவே, எங்கே யுத்தம் மூண்டாலும் முதலில் கேட்போம்: யார் மண்ணில் யார் படை நிற்கிறது? உதவி என்று வருபவன் கட்டுப் போட வருகிறானா, கணக்குப் பார்க்க வருகிறானா? தாக்குண்ட ஜனங்களுக்காக மருந்து நிதி உண்டியல் நம் தெருவுக்கு வந்தால், ஒரு நாள் டீக்காசையாவது அதில் போடுவோம். அது தர்மம் அல்ல. நம் கூரையைக் காக்கும் காரியம்.