வீட்டுக்குள் நடந்தால் அது உழைப்பு இல்லையா?

கேனிங்கிலிருந்து சியால்தா நோக்கி அதிகாலையில் புறப்படும் புறநகர் ரயில்களில் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்கள் நிரம்பி வருகின்றனர். அவர்களில் ஒரு பகுதியினர் 'ஆயா'க்கள். கொல்கத்தாவின் வீடுகளில் பக்கவாதத்தால் படுத்துவிட்டவர்களையும், மறதி நோயுற்ற முதியோரையும் பன்னிரண்டு மணி நேர முறையில் பராமரிப்பவர்கள். மற்ற பெருநகரங்களில் 'அட்டெண்டர்' என்றும் 'ஹோம் நர்ஸ்' என்றும் அழைக்கப்படுகின்றனர். பெயர்தான் மாறுகிறது, நிலை மாறவில்லை.

இது திறன் வேண்டும் பணி. படுக்கைப்புண் வராமலிருக்க நோயாளியை உரிய இடைவெளியில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மூக்குக் குழாய் வழியே உணவைச் செலுத்தும்போது புரையேறாமல் காக்க வேண்டும். சிறுநீர்ப் பையின் அளவையும் நிறத்தையும் கவனிக்க வேண்டும். ஒன்றிய அரசே 'ஹோம் ஹெல்த் எய்ட்' என்ற பெயரில் இதற்குத் திறன் பயிற்சி அளிக்கிறது. பயிற்சியின்போது சுகாதாரப் பணியாளர். வேலைக்குச் சென்றபின் வேலைக்காரி!

ஊதியம் குறைந்தால், நோயாளியைத் தூக்கி முதுகெலும்பு பாதிக்கப்பட்டால், யாரிடம் முறையிடுவது? ஏஜென்சியிடம் பேசுங்கள் என்கிறது குடும்பம். நாங்கள் ஆள் அனுப்பும் இடைத்தரகர் மட்டுமே என்கிறது ஏஜென்சி. ஆனால், குடும்பம் செலுத்தும் தொகையில் தன் பங்கைப் பிடித்துக்கொள்ள மட்டும் அது தவறுவதில்லை. லாபம் உண்டு, பொறுப்பு இல்லை என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம்.

சட்டமும் இதற்குத் துணைபோகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 'தொழில்' என்பதன் வரையறையிலிருந்து இல்லப் பணியை வெளிப்படையாகவே விலக்கியுள்ளது. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கைக்கு 2011இல் ஆதரவாக வாக்களித்த இந்தியா, இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை.

குடும்பங்களால் கூடுதல் ஊதியம் தர முடியாது என்ற வாதம் எழலாம். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைப் பராமரிப்புக்கே செலவிடும் நடுத்தரக் குடும்பங்களின் துயரம் உண்மையே. ஆனால் அந்தச் சுமையை, அவர்களினும் வறிய பெண்ணின் முதுகில் ஏற்றுவது தீர்வாகாது. முதியோர் பராமரிப்பைச் சந்தையிடம் விட்டுவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டதே இவ்விரு தரப்பின் துயரத்திற்கும் வேர். உள்ளாட்சி அமைப்புகளின் வழியே வீடு தேடிச் செல்லும் பராமரிப்பைப் பொதுச் சுகாதாரத்தின் அங்கமாக்க முடியும் என்பதை 2008இல் வலிநிவாரணப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்த கேரளம் காட்டியிருக்கிறது.

ஏஜென்சிகளைக் கட்டாயப் பதிவுக்கு உட்படுத்தி, அவற்றையே வேலையளிப்போராகச் சட்டம் அறிவிக்க வேண்டும். திறன்மிகு தொழிலாளருக்குரிய குறைந்தபட்ச ஊதியம், எட்டு மணி நேர வேலை, வார விடுப்பு, ஈஎஸ்ஐ, வருங்கால வைப்புநிதி ஆகியவை உறுதிசெய்யப்பட வேண்டும். தனித்தனி வீடுகளின் கதவுகளுக்குப் பின்னே சிதறிக் கிடக்கும் இப்பெண்களைச் சங்கமாக ஒன்றுதிரட்டுவது கடினமான பணி. ஆயினும் தள்ளிப்போட முடியாத பணி.