மடிக்கணினிக்கு ஒரு பெயர், மண்வெட்டிக்கு ஒரு பெயர்

தொலைவிலிருந்து பணிபுரிவோர் தங்குவதற்கு உகந்தது மலேசியாவா, தாய்லாந்தா என்னும் ஒப்பீடுகள் பெருகிவிட்டன. மலேசியா 2022இல் தொடங்கிய திட்டம் தொழில்நுட்பத் துறையினரிடம் ஆண்டுக்கு 24,000 டாலர் வருவாயை எதிர்பார்க்கிறது. தாய்லாந்தின் 2024ஆம் ஆண்டு விசா 5,00,000 பாட் கையிருப்பைக் கேட்கிறது. ஒருமுறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். வாடகையும் இணைய வேகமும் அட்டவணையாகின்றன. இவர்களுக்குப் பெயர் ‘டிஜிட்டல் நாடோடிகள்’. தமிழில் இழிவாகவே வழங்கிவந்த ‘நாடோடி’க்கு மடிக்கணினி மதிப்பேற்றிவிட்டது.

இதே மலாயாவுக்குப் பால் வெட்டச் சென்ற தமிழருக்குப் பெயர் ‘கூலி’. அவர்களுள் பல்லாயிரவரை 1942–43இல் ஜப்பானியர் இதே எல்லையைக் கடத்திச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசென்றனர். பெருந்தொகையினர் அங்கேயே மடிந்தனர். இன்றும் தேனியிலிருந்து போடிமெட்டு ஏறி, மாநில எல்லை கடந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களுக்குக் ‘கூலியாள்’ என்பதே பெயர். மடிக்கணினியுடன் வட்டவடைக்கு வருபவரோ விருந்தினர்.

கடப்பது எல்லைதான், பெயர் சூட்டுவது பணப்பை. வெறுங்கையுடன் உழைக்க வருபவரை ஒரு நாடு எவ்வாறு நடத்துகிறது என்பதற்கும் அவ்வட்டவணையில் ஒரு கட்டம் வேண்டும். அதுவரை அது நாடுகளின் ஒப்பீடன்று, விடுதிக் கட்டணங்களின் ஒப்பீடு.