1955-க்கு முந்தைய முகங்கள்

செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்காகப் பதிப்புரிமைச் சட்டத்தில் உரை, தரவு அகழ்வு விலக்கு தரப்போவதில்லை என்று ஆஸ்திரேலிய அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. இந்த இதழ் அம்முடிவை வரவேற்கிறது. டிரேசி மொஃபட், பிரெண்டா கிராஃப்ட், மைக்கேல் குக் போன்ற தொல்குடிக் கலைஞர்களின் படைப்புகளுக்கு அங்கே சட்டத்தின் காவல் தளராமல் நிற்கும்.

ஆனால் இவர்கள் எந்தப் படங்களுக்குப் பதில் சொல்லக் கேமராவை எடுத்தார்களோ, அந்தப் படங்களுக்கு இம்முடிவால் ஒரு பயனும் இல்லை. 1955 ஜனவரி 1-க்கு முன் எடுத்த ஒளிப்படங்களுக்கு அங்கே பதிப்புரிமை முடிந்துவிட்டது. கிராஃப்டனில் ஒளிப்படக்காரர் லிண்ட் தன் ஸ்டுடியோவுக்குள் காட்டை ஜோடித்து, அதன் நடுவே மக்களை உட்காரவைத்து எடுத்தவை, சார்லஸ் கெர்ரியின் சிட்னி ஸ்டுடியோவில் உருவானவை, நார்மன் டிண்டேல் மானுடவியல் ஆய்வுக்காக எடுத்தவை எல்லாம் யாரும் அள்ளிக்கொள்ளக் கிடக்கின்றன.

டிண்டேலிடம் சற்று நிற்க வேண்டும். 1938இல் பாம் தீவில் அவர் எடுத்த படங்களில் தொல்குடிக் கலைஞர் வெர்னன் ஆ கீயின் கொள்ளுத்தாத்தா ஜார்ஜ் சிப்லி இருக்கிறார். ஆள் அளவெடுக்கும் பயணத்தில், எண் இட்டு எடுத்த படம். ஆ கீ அத்தகைய படங்களிலிருந்து தன் மூத்தோரைக் கரிக்கோட்டில் பேருருவமாக வரைந்தார். மாதிரியாகப் பதிவான ஒருவர் அங்கே ஒரு குடும்பத்தின் பெரியவராக நம்மைப் பார்க்கிறார். அதே முகத்தை இயந்திரத்துக்குத் தீனியாக்க இன்று எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.

1998இன் புலுன் புலுன் தீர்ப்பை இங்கே துணைக்கு அழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓவியர் புலுன் புலுன் தன் குலத்துக்குக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் ஏற்றது, அவர் அந்தக் குலத்தவராக இருந்ததால். காலனியக் கால ஒளிப்படத்தில் உரிமை கேமராவுக்குப் பின்னால் நின்ற அந்நியருடையது. முன்னால் உட்கார்ந்தவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தங்களுக்குக் கிடைத்தே இராத உரிமை காலாவதியாகிவிட்டது என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வது அநியாயம்.

காப்பகத்தை மூடினால் கலை முடங்கும் என்ற மறுப்பு வரும். ஆனால் தொல்குடிக் கலைஞர் கிறிஸ்டியன் தாம்சன் ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகப் படங்களோடு உழைத்து 2012இல் முடித்த தொடரில் அவற்றில் ஒன்றைக்கூட மறுபதிப்புச் செய்யவில்லை. தன் உடலையே முன்நிறுத்தினார். மூத்தோர் படத்தை எடுத்தாள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் தகுதி யாருக்கு என்பதே கேள்வி.

ஆஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022இலேயே தொல்குடிப் பண்பாட்டு உரிமைக்குத் தனிச் சட்டம் பரிந்துரைத்தது. 2023 ஜனவரியில் தேசியப் பண்பாட்டுக் கொள்கை அதை வாக்குறுதியாக்கியது. அதன் பிறகு கலந்தாய்வு, மறுபடி கலந்தாய்வு. இதற்கிடையே அதே ஆணையம் 2025இல் தரவு அகழ்வு விலக்கைப் பரிசீலனைக்கு வைத்தது! தொழில்நுட்ப நிறுவனங்களுக்காக இவ்வளவு விரைவாக யோசிக்க முடிந்தவர்களுக்கு, அளவுகோலுக்கு முன் நிறுத்தப்பட்டவர்களின் சந்ததிக்காக ஒரு மசோதா எழுத ஏன் இத்தனை காலம்?

எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டனின் அளவெடுப்பு மரபோடு வேலை செய்யும் நம் வாசகர்களுக்கும் இது அயல்நாட்டுச் செய்தி அல்ல. இங்கும் ஒளிப்பட உரிமை, எடுத்தவர் இறந்து 60 ஆண்டுகளில் தீர்கிறது. எனவே சட்டம் வரும்வரை காத்திராமல், பெயரற்ற மனித உருவப்படங்களை மொத்தப் பதிவிறக்கத்துக்குத் திறப்பதைக் காப்பகங்கள் இப்போதே நிறுத்த வேண்டும். அடையாளம் காண முடிந்த சமூகங்களிடம் முதலில் பேச வேண்டும். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பைப் பட்டியலிலேயே பதிய வேண்டும்.