கேட்பதற்கும் கூலி கொடுங்கள்

பழைய ஜீப்பில் சத்தம் வருகிறது என்று கொழும்பில் ஒரு கராஜுக்குப் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். வண்டி ஜாக்கியில் ஏறும், ஏதோ ஒரு பாகம் கழற்றப்படும், அதற்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விலை விசாரிக்கப்படும். மாற்றிய பிறகும் சத்தம் நிற்கவில்லையென்றால் அடுத்த பாகம். இதற்கு மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. பாகத்துக்குப் பணம் கொடுக்கிறோம், பூட்டுகிற கூலியையும் கொடுக்கிறோம். கோளாறு எங்கே என்று தேடுகிற ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சல்லிக்காசு கொடுப்பதில்லை. கூலியில்லாத வேலையை யார் மெனக்கெட்டுச் செய்வார்? அதே நாம், வைத்தியரைச் சனல் பண்ணிப் போய், அவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை, போகலாம் என்றால், கட்டிய காசை நினைத்து வருந்துவதில்லை. நிம்மதியாக வீடு திரும்புகிறோம்.

தேடாமலே பாகத்தை மாற்றும் இந்தப் பழக்கம் இப்போது முன்னைவிட அதிகமாகச் சுடுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் வரிச்சுமை புதிய ஜீப்பை நடுத்தரக் குடும்பத்தின் எட்டாக் கனியாகவே வைத்திருக்கிறது. ஆகவே, ஜப்பானில் 1998இல் உற்பத்தி நின்றுபோன மிட்சுபிஷி ஜீப்பின் 4டி.ஆர்.5 எஞ்சின் ரகமும், 1991இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பஜேரோவும் இன்னும் நம் வீதிகளில் ஓடுகின்றன. அவற்றுக்கு நாம் வாங்கும் கியர் பொக்ஸும் டிபரன்ஷியலும் பெரும்பாலும் வேறொரு வண்டியிலிருந்து கழற்றியவை. அந்த வண்டி எத்தனை இலட்சம் கிலோமீற்றர் ஓடியது, எந்தப் பள்ளத்தில் மூழ்கியது என்று கடைக்காரருக்கே தெரியாது. நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வயது தெரியாத ஒன்றைப் பூட்டிக்கொள்ளும் அபாயம் இதில் இருக்கிறது.

பாகத்தைக் கழற்றாமலே சத்தத்தின் இருப்பிடத்தை வெகுதூரம் நெருங்கிவிடலாம். முதற்கேள்வி, சத்தம் எஞ்சினின் சுழற்சியோடு ஏறி இறங்குகிறதா, வண்டியின் வேகத்தோடா? ஓடும்போது நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருளவிட்டால் பதில் கிடைத்துவிடும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது கேட்கும் உறுமல், கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கியர் பொக்ஸின் முன் பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மிதித்தால்தான் கேட்கிறது என்றால் கிளட்சின் ரிலீஸ் பெயாரிங்கை. வேகத்தோடு வரும் சத்தத்துக்குச் சின்னக் கணக்கு ஒன்று உதவும். பஜேரோவின் 265/70 ஆர்16 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.44 மீற்றர் போகும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு விநாடிக்கு இரண்டு முறைக்குச் சற்று மேல் சுற்றுகிறது. டிபரன்ஷியலின் விகிதம் 4.6 என்று கொண்டால் புரொப்பலர் ஷாஃப்ட் பத்து முறைக்கு மேல். விரல்விட்டு எண்ணக்கூடிய டக், டக் என்றால் சில்லுப் பக்கம் போங்கள்; எண்ணவே முடியாத கடகடப்பு என்றால் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜொயின்டை ஆட்டிப் பாருங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் ஓய்வது, பெரும்பாலும் டிபரன்ஷியலின் பற்சக்கரங்களோ பினியன் பெயாரிங்கோ பேசும் பேச்சு. இடப்பக்கம் திரும்புகையில் கூடும் உறுமல், பாரம் சாய்கிற வலப்பக்கச் சில்லுப் பெயாரிங்கைக் காட்டிக்கொடுக்கும். ஃப்ரீ வீல் ஹப் உள்ள ஜீப் என்றால் இன்னும் சுலபம்: ஹப்பைத் திறந்துவிட்டு டூ வீலில் ஓட்டினால் முன் டிபரன்ஷியலும் முன் ஷாஃப்டும் அசையாமல் நிற்கும், சத்தம் அப்போதும் இருந்தால் அவை இரண்டும் நிரபராதிகள். ஒரு சதம் செலவில்லை. (தமிழில் முனகல், உறுமல், ஊளை, ரீங்காரம், கிறீச் என்று இத்தனை சொல் இருந்தும் கராஜ் வாசலில் சத்தம் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். அதுவும் நம் பக்கத்துக் குறைதான்.)

கோளாறு பாகத்திலேயே இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. ஏற்ற இறக்கமாகத் தேய்ந்த முரட்டு டயர் பழுதான பெயாரிங்கைப் போலவே ஒலிக்கும். முன் பின் மாற்றிப் போட்டால் சத்தமும் இடம் மாறும். நடு டிபரன்ஷியல் இல்லாத 4டி.ஆர்.5 வண்டியைக் காய்ந்த காலி வீதியில் ஃபோர் வீலில் போட்டுத் திருப்பினால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு அடிவயிற்றில் இடி இடிக்கும். அது ஓட்டுபவரின் பிழை. எப்போதும் நான்கு சில்லும் இயங்கும் லாண்ட் ரோவர் டிபெண்டரில் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கையில் ஓரளவு டக் என்று கேட்பது, அடுத்தடுத்து இருக்கும் பற்சக்கர இடைவெளிகளின் கூட்டுத்தொகை. அதை முழுதாக ஒழிக்கப் புறப்பட்டால் பணம்தான் ஒழியும். வெள்ளமும் ஒரு தடயம். 2016 மே மாதத்தில் கொலன்னாவை மூழ்கியது போன்ற வெள்ளத்தில் நின்ற வண்டியில், சூடாக இருந்த டிபரன்ஷியல் தண்ணீரில் குளிர்ந்து, காற்றுத்துளை வழியாகவோ சீல் வழியாகவோ நீரை உறிஞ்சியிருக்கலாம். மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாலே போதும். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது கராஜ்காரர்களின் எதிர்வாதம். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருவில் மூன்று வண்டிகளைக் கட்டிப்போட்டு வேலை செய்பவருக்கு, ஒன்றை வெளியே எடுத்து ஓட்டிப் பார்ப்பதே பெரும்பாடு. நியாயமான வாதம்தான், ஆனால் அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது: நேரத்துக்கு விலை இருக்கிறது என்றால் அந்த விலையைக் கேளுங்கள். மாற்றிப் பார்ப்பதுதான் வேகமான வழி என்பவர்களுக்கு டிபரன்ஷியலே பதில். அதன் கிரவுன் வீலும் பினியனும் சோடியாகப் பொருத்தப்பட்டவை. பற்களிடையே மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவான இடைவெளியைச் சரியாக வைக்காவிட்டால் இல்லாத ஊளையும் வந்து சேரும். சில வேளை மாற்றியதும் சத்தம் நிற்கும். கழற்றிப் பூட்டுகையில் வேறெங்கோ ஒரு போல்ட் இறுகியிருக்கும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையைத் திறமை என்று இரு தரப்பும் நம்பிவிடுகின்றன. ஸ்கேன் மெஷின் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று: அது எஞ்சின் கணினி எழுதிவைத்த கோளாறுக் குறியீட்டை வாசிக்கும், தேய்ந்த யுனிவர்சல் ஜொயின்ட் எந்தக் குறியீட்டையும் எழுதுவதில்லை. வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யும் சோதனையும் அப்படியே, அளப்பது புகையை.

எனக்குச் சங்கடம் தருகிற ஆட்சேபம் வேறு. தேடுவதற்குக் கூலி என்று ஆரம்பித்தால், தேடாமலே அந்தக் கூலியை வாங்குபவர்களும் வருவார்கள். வருவார்கள்தான். அதனால் கூலியோடு ஒரு கடமையும் சேர வேண்டும்: எந்த வேகத்தில், எந்தக் கியரில் கேட்டது, எதைச் சோதித்தார், எதை விலக்கினார் என்று நான்கு வரி. எழுதிக் கொடுத்ததை வெள்ளவத்தையில் இன்னொரு கராஜில் காட்டிச் சரிபார்க்கலாம். கழற்றிப் போட்ட பெயாரிங்கை அப்படிச் சரிபார்க்க முடியாது. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. 1959இல் தொடங்கிய இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் தலைமுறை தலைமுறையாக மெக்கானிக்குகளை உருவாக்கி வருகிறது. அங்கே படிக்காமலே, நீண்ட திருப்புளியின் பிடியைக் காதில் வைத்துப் பெயாரிங்கை அடையாளம் காணும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். அந்தக் காதுக்கு நாம் வைத்திருக்கும் விலை பூச்சியம்.

அடுத்த முறை ஜீப்பை விடும்போது, பாகத்தின் விலையைக் கேட்பதற்கு முன் சோதித்துச் சொல்ல எவ்வளவு என்று கேளுங்கள். அதைப் பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எதையும் மாற்றாமல் வண்டி திரும்பி வந்தாலும் அந்த வரிக்கான பணத்தை முணுமுணுக்காமல் கொடுத்துவிடுங்கள்.