கூடுதல் கிரீஸ் கூடுதல் பாதுகாப்பு அல்ல

டாமன்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலையில் ஓடும் லோரிகளின் பாரத்தைச் சக்கரத்தில் தாங்குவது எது? எஃகு பேரிங் என்போம். அந்த எஃகைக் காப்பதோ அதற்குள் இருக்கும் எண்ணெய்ப் படலம். அதன் தடிமன் பல வேளைகளில் 1 மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நம் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிப்பு.

பேரிங் உருளை வளையத்தைத் தொடும் இடம் மிகச் சிறியது. பாரமெல்லாம் அங்கே குவிவதால், கார் டயரின் காற்றழுத்தத்தைப்போல் சில ஆயிரம் மடங்கு அழுத்தம் எழலாம். ஆனாலும் எண்ணெய் பிதுங்கி ஓடிவிடுவதில்லை. அழுத்தம் ஏற ஏற அது இறுகிக் கிட்டத்தட்ட திடப்பொருள்போல் ஆகிவிடுகிறது. எஃகும் சற்றே தட்டையாகி இடம் கொடுக்கிறது. நடுவில் உச்சத்தைத் தொடும் அழுத்தம், எண்ணெய் வெளியேறும் பக்கத்தில் மறுபடியும் கூராக எகிறி விழும். அதையொட்டிய இடத்தில்தான் படலம் மிக மெலிந்திருக்கும்.

கிரீஸ் என்பது எண்ணெயும், பஞ்சுபோல் அதைப் பிடித்துவைக்கும் சோப்பும் சேர்ந்தது. மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து ‘வண்டி மை’ போட்டார்களே, அதுவும் எண்ணெய் வழிந்துவிடாமல் நிற்கத்தான்.

புதிய கிரீஸ் முதலில் தடித்த படலம் தரும். சோப்புத் துணுக்குகள் நசுங்கிப் போகும்போது அது ஏறி இறங்கும். பிறகு உருளைகள் கிரீஸைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடுகின்றன. அங்கிருந்து சிறுகச் சிறுகக் கசியும் எண்ணெயே பேரிங்கைக் காக்கிறது. கசிவு நின்றால் எஃகு எஃகை உரசும்; பேரிங் சூடாகி இறுகும்; ஓடும் வண்டியின் சக்கரமே கழன்று போகலாம்.

அதற்காகக் கிரீஸை அடைத்துத் திணிக்கவும் கூடாது. ஒதுங்க இடமில்லாவிட்டால் உருளைகள் அதையே கடைந்துகொண்டிருக்கும், சூடு ஏறும். பொதுவாக, பேரிங்கின் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை போதும். லித்தியம் கிரீஸோடு களிமண் கலந்த கிரீஸைச் சேர்த்தால் இரண்டும் இளகி ஒழுகிவிடக்கூடும். வெள்ளத்தில் சக்கரம் மூழ்கிய வண்டி என்றால் பேரிங்கைத் திறந்து பார்ப்பதே நல்லது. தண்ணீர் புகுந்த கிரீஸ் காவலுக்கு உதவாது.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, “கிரீஸ் போட்டாச்சா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “பழையதைத் துடைத்தீர்களா? எந்த வகை, எவ்வளவு?” என்றும் கேளுங்கள்.