மொட்டை மாடிப் புடைவையும் பிரெஞ்சுக்காரரின் நிலவறையும்

காலையில் துவைத்துப் பிழிந்து மொட்டை மாடியில் உலர்த்தின புடைவை எத்தனை மணிக்குக் காயும்? இதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு எந்தப் படிப்பும் வேண்டாம். கொடியருகில் நின்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்தால் போதும். "சித்திரை வெயில், பத்து மணிக்கெல்லாம் மொரமொரவென்று ஆகிவிடும்" என்பீர்கள். "ஆடிக் காற்று; கிளிப்பை மட்டும் பலமாகப் போடு" என்பீர்கள். ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் ஆனாலும் ஈர வாடை போகாது என்று தெரிந்து, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி முதுகில் விரித்துவிடுவீர்கள்.

வெயில் ஒன்று, காற்று ஒன்று, காற்றில் ஏற்கனவே இருக்கிற ஈரம் ஒன்று. இந்த மூன்றையும் மனத்துக்குள் கூட்டிக் கழித்து நீங்கள் போடுகிற இதே கணக்கைத்தான், 1972-ம் வருஷத்தில் பிரான்சு தேசத்து விவசாய ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் ஒரு யந்திரத்தைப் போடச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையிலிருந்து என்ன விளைந்தது என்பதுதான் இந்த வாரத்துச் சமாசாரம்.

அவர்களுக்குப் புடைவையைப் பற்றிக் கவலை இல்லை, பயிரைப் பற்றித்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் பயிர் விளைகிற வயல் என்பது பூமியின்மேல் உலர்த்தின ஈரப் புடைவை அல்லாமல் வேறென்ன? வேர் தண்ணீரைக் குடிக்கிறது. இலை அதை ஆவியாக மூச்சு விடுகிறது. குடித்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இப்படி ஆகாயத்துக்குத்தான் போகிறது. செடியின் உடம்பில் தங்குவது சொற்பம். போதாததற்கு மண்ணும் தன் பங்குக்கு உலர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த இரண்டு செலவும் எவ்வளவு என்று தெரிந்தால், எவ்வளவு தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வாசலில் துளசி மாடம் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. அதிகம் ஊற்றினால் வேர் அழுகும். குறைத்தால் இலை தொங்கும்.

ஒருவர் நோட்டுப் புத்தகமும் கையுமாக வயலில் நின்று எழுதிக்கொண்டால் போகிறது என்று தோன்றும். ஆனால் வெயிலும் காற்றும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகின்றன. ராத்திரி பகலாகப் பல கருவிகளை ஒரே சமயத்தில் பார்த்து, அப்போதைக்கப்போது கணக்குப் போட வேண்டும். மனுஷப் பிறவியால் ஆகிற காரியமல்ல. கம்ப்யூட்டரால் ஆகும்.

ஆனால் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? அந்த நாளில் ‘மினி கம்ப்யூட்டர்’ என்று ஒரு வகை இருந்தது. பெயர்தான் மினி, விலை மினி அல்ல. அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் செய்த பி.டி.பி-8 அவற்றில் பேர்போனது. 1965-ல் அது வெளிவந்தபோது விலை 18,000 டாலர். பிற்பாடு விலை இறங்கியது வாஸ்தவம்தான். ஆனாலும் ‘இன்ரா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தப் பிரெஞ்சு விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்கு, வயல்வெளியில் வைக்க அது கட்டுப்படியாகவில்லை. மாதக் கடைசியில் கையில் இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, "வேறு வழி உண்டா?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியோடு அவர்கள் ஒரு சின்னக் கம்பெனியின் வாசலுக்கு வந்தார்கள்.

அந்தக் கம்பெனியின் பெயர் ‘ஆர் 2 ஈ’. பிரெஞ்சுப் பெயரை விரித்துத் தமிழில் சொன்னால், எலெக்ட்ரானிக் திட்டங்களை ஆராய்ந்து நிறைவேற்றித் தருகிறவர்கள் என்று ஏறக்குறைய அர்த்தம். அலமாரியில் சரக்கை அடுக்கி வைத்து விற்கிற கடை அல்ல. "எனக்கு இன்னது ஆக வேண்டும்" என்று வருகிறவர்களுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிற தையற்காரர் மாதிரி. அதை நடத்தியவர் ஆந்த்ரே ட்ரூவாங். 1936-ல் சைகோனில் பிறந்து, பிரான்சுக்குப் படிக்க வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். யந்திரத்தை வகுத்துச் செய்யும் பொறுப்பு பிரான்ஸ்வா ஜெர்னெல் என்ற இளம் எஞ்ஜினீயருடையது. அவருக்குத் துணையாக பென்ஷெத்ரி, லாகோம், பெக்மான் என்று மூன்று பேர். சேனை அவ்வளவுதான்.

ஜெர்னெல் ஒரு யோசனை செய்தார். அப்போதுதான், 1972 ஏப்ரலில், அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியார் 8008 என்று ஒரு சில்லு வெளியிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரின் மூளை முழுவதையும் நகத்தளவு இடத்தில் அடக்கின சரக்கு. அதற்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. டெக்சஸ் மாகாணத்துக் கம்பெனி ஒன்று அதைத் தனக்கென்று ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொல்லியிருந்தது. சொன்ன நாளில் வரவில்லை, வேகமும் போதவில்லை, "வேண்டாம்" என்று விட்டுவிட்டார்கள். ஒருவர் எடுக்காமல் போன புடைவையைக் கடைக்காரர் மறுபடி மடித்து ‘ஷோ கேஸில்’ வைப்பது போல, இன்டெல்காரர்கள் அதை ஊருக்கெல்லாம் விற்க ஆரம்பித்தார்கள். இந்தச் சில்லை வைத்து ஒரு முழுக் கம்ப்யூட்டரையே கட்டிவிட்டால், பி.டி.பி-8 விலையில் ஒரு சிறு பங்குதானே ஆகும்? இதுதான் ஜெர்னெலின் யோசனை.

1972 டிசம்பரில் யந்திரத்தைக் கொடுப்பதாகப் பேச்சு. பாரிசுக்குத் தெற்கே ஷாத்னே-மலாப்ரி என்ற ஊரில் ஒரு நிலவறைதான் தொழிற்கூடம். அங்கே அந்த நாலு பேரும் தினம் பதினெட்டு மணி நேரம் உழைத்தார்கள் என்று சொல்கிறார்கள். (அவர்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டை யார் மறுபடி மறுபடி சூடு பண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்பதைச் சரித்திரம் எழுதினவர்கள் எழுதவில்லை. சரித்திரத்தின் வழக்கமே அதுதான்.) கடைசியில் யந்திரம் போய்ச் சேர்ந்தது 1973 ஜனவரியில். தீபாவளிக்குத் தர வேண்டிய ரவிக்கை கார்த்திகைக்கு வருவதைப் பார்த்துப் பழகின நமக்கு, இது ஒரு தாமதமா?

அதற்கு ‘மிக்ரால்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றைய கண்ணுக்கு அதன் சக்தி வேடிக்கையாக இருக்கும். அதன் மூளை வினாடிக்கு ஐந்து லட்சம் தடவை துடிக்கும். உங்கள் கைப்பேசியில் இருப்பது இருநூறு கோடி, முந்நூறு கோடி தடவை துடிக்கிறது. மிக்ராலின் ஞாபகத்தில் அதிகபட்சம் 16,384 அறைகள். அறைக்கு ஓர் எழுத்து என்று வைத்தால், இந்தப் பத்திரிகையில் வருகிற ஒரு சிறுகதைக்கு மேல் கொள்ளாது. திரை கிடையாது. துளையிட்ட காகிதச் சுருளின் மூலம்தான் அதற்குப் புத்தி சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அது மகா கெட்டிக்காரத்தனமாக இருந்தது. அதைப் புரிந்துகொள்ள உங்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. அடுப்பில் பால் பொங்கப் போகிறது. வாசலில் மணி அடிக்கிறது. தொட்டிலில் குழந்தை அழுகிறது. குக்கர் மூன்றாவது விசில் கொடுக்கிறது. நீங்களோ வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்? கத்தியை வைத்துவிட்டு முதலில் பால், பிறகு குழந்தை, போகிற போக்கில் குக்கரை அணைப்பது, வாசல்காரர் ஒரு நிமிஷம் நிற்கட்டும். எல்லாம் முடிந்து, விட்ட இடத்திலிருந்து அதே வெண்டைக்காயை நறுக்குவீர்கள். வெளி உலகத்தோடு சம்பந்தப்பட்ட எந்த யந்திரத்துக்கும் இந்தச் சாமர்த்தியம் வேண்டும். காற்றுமானி காத்திருக்காது, வெப்பமானி சொல்லிவிட்டு வராது. ‘எதற்கு முதலில் ஓடுவது’ என்பதற்கு மிக்ராலில் எட்டுப் படிகள் வகுத்திருந்தார்கள். கைவேலையை நிறுத்தி, எங்கே நிறுத்தினோம் என்று குறித்து வைத்துக்கொண்டு, அவசரத்தைக் கவனித்துவிட்டுத் திரும்பி வரும். நாம் இதைப் பாட்டிமாரிடம் கற்றுக்கொண்டோம்; எஞ்ஜினீயர்களுக்கு இது ஒரு தனிப் பாடமாக இருக்கிறது.

இன்னொரு விசேஷம். பொத்தான்களும் விளக்குகளும் வைத்த முகப்புப் பலகையை, வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம், வேண்டாவிட்டால் விட்டுவிடலாம் என்று வைத்திருந்தார்கள். முகம் இல்லாத கம்ப்யூட்டர்! வேறு ஏதோ ஒரு யந்திரத்தின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டால், அது இருப்பதே வெளியே தெரியாது. பொறியியல் படிக்கிற பிள்ளைகள் இதை ‘எம்பெடெட்’ என்று சொல்கிறார்கள். உங்கள் வீட்டுத் துணி துவைக்கும் யந்திரம், துணியின் பாரத்தைப் பார்த்துத் தண்ணீர் பிடிக்கிறதென்றால், உள்ளே அப்படி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பிலும், மளிகைக் கடைத் தராசிலும் அதே கதை. இவற்றை நாம் கம்ப்யூட்டர் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

1973 பிப்ரவரியில் மிக்ரால் விற்பனைக்கு வந்தபோது விலை 8,500 பிராங்க். இன்ராவின் வேலைக்கு பி.டி.பி-8 வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கப்புறம் வேறு காரியஸ்தர்களும் வந்தார்கள். பிரெஞ்சு அணுசக்திக் கமிஷன் கேட்டுக்கொண்டபடி, அந்த வருஷ டிசம்பரிலேயே தகவல் சேமிக்கும் ‘பிளாப்பி’ தட்டு சேர்க்கப்பட்டது. தொழிற்சாலைகளிலும், நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளிலும் மிக்ரால் வேலைக்கு அமர்ந்தது. வயலில் ஆவியை எண்ணப் பிறந்தது, சாலையில் சில்லறையை எண்ணப் போயிற்று. சின்னக் கம்பெனியைச் சில வருஷங்களில் ‘புல்’ என்ற பெரிய பிரெஞ்சுக் கம்ப்யூட்டர் கம்பெனி எடுத்துக்கொண்டது.

இனிமேல்தான் கசப்பான பகுதி.

1986-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கம்ப்யூட்டர் மியூசியம், முதல் ‘பெர்சனல் கம்ப்யூட்டர்’ எது என்று தீர்மானிக்க மூன்று நீதிபதிகளை அமர்த்தியது. அவர்களில் ஒருவர் ஆப்பிள் கம்ப்யூட்டரை வகுத்த ஸ்டீவ் வாஸ்னியாக். தம்முடைய குழந்தைக்கே பரிசைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. மைக்ரோ பிராசஸர் சில்லை வைத்துச் செய்த முதல் பெர்சனல் கம்ப்யூட்டர் 1973-ன் மிக்ரால்தான் என்று மூவரும் சொல்லிவிட்டார்கள். அது எந்த மனுஷருக்காகவும் செய்யப்பட்டதல்ல, கோதுமைக்கும் சோளத்துக்கும் ஆசைப்பட்டவர்கள் கேட்டது என்பது வேறு விஷயம்.

கௌரவம் வந்தது, யாருக்கு வந்தது? பத்திரிகைகளில் மைக்ரோ கம்ப்யூட்டரின் தந்தை என்று ட்ரூவாங்கின் பெயர் அடிபட்டது. நிலவறையில் கிடந்த ஜெர்னெல் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கோர்ட்டுக்குப் போனார். யந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஜெர்னெல்தான் என்று 1998-ல் தீர்ப்பாயிற்று. யந்திரம் பிறந்து அதற்குள் இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது!

கல்யாண வீட்டில் சாம்பார் பிரமாதம் என்றால், எல்லாரும் பெண்ணின் தகப்பனாரிடம் போய்த்தான் சொல்கிறார்கள். கோட்டை அடுப்பின் பக்கத்தில் வியர்த்து நிற்கிறவர் காதில் அது விழுவதில்லை. தகப்பனாருக்கும் நியாயம் உண்டு. பந்தல் போட்டவர் அவர். கடன் வாங்கினவர் அவர். அடுப்பு மூட்ட இடம் கொடுத்தவர் அவர். நாலு பேரை வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள்கூடத் துணியாத ஒரு காரியத்துக்கு ஆர்டரை ஏற்றுக்கொள்ள ட்ரூவாங்குக்கு நெஞ்சுத் துணிவு நிரம்ப இருந்திருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் ஜெர்னெலுக்கு நிலவறையும் இல்லை. இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும், சாம்பார் வைத்தது யார் என்று கேட்டால், வைத்தவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. கோர்ட்டும் என் கட்சியில் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. ஆனால் "எங்களிடம் பணம் போதாது, வேறு வழி உண்டா?" என்று கேட்ட வயல்காட்டு ஆராய்ச்சிக்காரர்களுக்கு எந்த மியூசியமும் பட்டம் கொடுக்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் சாம்பாருக்குப் பருப்பே இல்லை.

ட்ரூவாங் 2005-ல் காலமானார். 2017-ல் பிரான்சில் ஒரு பழைய மிக்ரால் ஏலத்துக்கு வந்தது. 8,500 பிராங்க் என்பது, பிராங்க் போய் யூரோ வந்தபோது வைத்த மாற்றுக் கணக்குப்படி, 1,300 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஏலத்தில் போனது 62,000 யூரோவுக்கு. எடுத்தவர், மைக்ரோசாஃப்ட் கம்பெனியைத் தொடங்கின இருவரில் ஒருவரான பால் ஆலன்.

அவருக்கு அதன்மேல் அப்படி என்ன மோகம் என்று கேட்பீர்கள். 1970-களின் ஆரம்பத்தில், மைக்ரோசாஃப்ட் என்ற பெயரே பிறப்பதற்கு முன், ஆலனும் அவருடைய சிநேகிதர் பில் கேட்ஸும் இன்னொரு பையனைச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்னத் தொழில் நடத்திப் பார்த்தார்கள். சாலையில் எத்தனை மோட்டார் வண்டி போகிறது என்று பதிவான காகிதச் சுருள்களைப் படித்துக் கணக்குச் சொல்லும் யந்திரம் ஒன்று செய்தார்கள். அதற்குள் அவர்கள் வைத்த மூளையும் அந்த 8008 சில்லுதான். தொழில் பெரிதாக ஓடவில்லை.