இரண்டாவது கிட்டார் அழகுக்கு இல்லை, ஆபத்துக்கு

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இப்போது நன்றாகக் கிட்டார் வாசிக்கிறார்கள். கல்யாண வீடு, பாடசாலைக் கலைவிழா, பக்கத்து ஊர் மியூசிக்கல் ஷோ என்று மேடையும் கிடைக்கிறது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கேட்கிறார்கள்: "சேர், ரெண்டாவது எலக்ட்ரிக் கிட்டார் எது வாங்கலாம்?" பலர் கேட்பதால் என் அபிப்பிராயத்தை இங்கேயே எழுதுகிறேன்.

முதலாவது ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்றால் இரண்டாவது லெஸ் போல் வகையாக இருக்க வேண்டும், இரண்டு விதமான சத்தம் கிடைக்கும் என்பதுதான் பலரின் எண்ணம். வீட்டில் இருந்து ரெக்கோர்டிங் செய்பவருக்கு அது சரி. மேடைக்குச் சரிவராது. மேடையில் இரண்டாவது கிட்டாரின் முதல் வேலை, பாட்டின் நடுவில் கம்பி அறுந்தால் ஷோவைக் காப்பாற்றுவது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் போல ஆடும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் ஒரு கம்பி அறுந்தால், பின்னால் உள்ள ஸ்பிரிங் பிரிட்ஜை இழுத்து, மிச்சம் 5 கம்பிகளும் சுருதி ஏறிவிடும். பிளாய்ட் ரோஸ் என்றால் கம்பி மாற்ற அலன் கீ வேண்டும், நேரமும் வேண்டும். அவ்வளவு நேரம் சனம் பொறுமையாக இருக்காது.

அந்த நேரத்தில் தூக்கும் கிட்டார் கைக்குப் பழகியதாக இருக்க வேண்டும். ஃபெண்டரின் கம்பி நீளம் 25.5 அங்குலம், கிப்சனில் ஏறத்தாழ 24.75. கட்டைகளின் இடைவெளி மாறும், விரல் தடுமாறும். சிங்கிள் கொயிலுக்கு அளந்து வைத்த பெடலில் பலமான ஹம்பக்கரைச் செருகினால் சத்தம் உடையும், மிக்சரில் இருப்பவர் மறுபடி எல்லாவற்றையும் திருத்த வேண்டும். ஆகவே அதே நீளம், அதே தடிப்புக் கம்பி.

ஒரு விடயத்தில் மட்டும் வித்தியாசம் நல்லது. டிம்மர் லைட் உள்ள மண்டபங்களில் சிங்கிள் கொயில் இரைச்சலை இழுக்கும். ஹம்பக்கரின் இரண்டு கொயிலும் அதை ஒன்றுக்கொன்று அழித்துவிடும். அதனால், ஸ்ட்ராட்டோகாஸ்டர் வைத்திருப்பவருக்கு யமஹா பசிபிகா 112 போன்றதைச் சொல்வேன். நீளம் அதே 25.5, பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் கொயில். அதிலும் ஆடும் பிரிட்ஜ்தான். ஆனால் பின்பக்கக் குழியில் அளவான மரத்துண்டைச் செருகினால் அது அசையாது.

காசு விடயமும் இருக்கிறது. உம்மாவின் நகையை ஈடு வைத்து, முதலாவதைவிட விலையான இரண்டாவதை வாங்காதீர்கள். பாவித்தது போதும். கழுத்து நேராக இருக்கிறதா, கட்டைகள் தேய்ந்திருக்கிறதா, ஜெக்கில் கரகரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சக் காசுக்கு நல்ல கேபிள், டியூனர், ஸ்டாண்ட், இரண்டு செட் கம்பி வாங்குங்கள். எங்கள் கரையோர உப்புக் காற்றில் கம்பி விரைவாகத் துருப்பிடிக்கும்.

"ஒரே மாதிரி இரண்டு எதற்கு?" என்று கேட்பீர்கள். கிட்டாரின் பெயரைச் சனம் பார்ப்பதில்லை. பாட்டு நின்றால்தான் கவனிக்கும். பாட்டு நின்றால் பாடகர், டிரம்ஸ் தம்பி, கீபோட் நானா எல்லோருக்கும்தான் அடுத்த அழைப்பு இல்லாமல் போகும்.

இரண்டாவது கிட்டார் பையில் தூங்கக் கூடாது. சுருதி சேர்த்து, ஸ்டாண்டில், கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். வேறு கருத்துள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பிள்ளைகளுக்குப் பிரயோசனப்படும்.